தள்ளிப்போகும் தேதியும் நனைந்த தானியமும்



மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவன் வீடியோ கேமைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தீர்த்தமலையில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் இரண்டு ஆண்டுகளாக ஒரு தேதியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது பெருநாளுமன்று, பள்ளித் தேர்வுமன்று. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்னும் விளையாட்டின் ஆறாம் பாகம் வெளியாகும் நாள். பிள்ளைகள் வாயில் அது 'ஜி.டி.ஏ. சிக்ஸ்'.

அதன் ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் வெளிவந்தது. அவ்வாண்டில் பிறந்த என் மாணவன் ஒருவன் குர்ஆனை ஒருமுறை முழுமையாக ஓதி முடித்து, இரண்டாம் முறை தொடங்கிவிட்டான். ஆறாம் பாகம் இன்னும் வந்தபாடில்லை. 2023 டிசம்பரில் முதல் முன்னோட்டக் காட்சியை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் 2025இல் வரும் என்றது. 2025 மே மாதத்தில் அதை 2026 மே 26க்குத் தள்ளியது. பின்னர் 2025 நவம்பரில் மீண்டும் தள்ளி, 2026 நவம்பர் 19 என்று அறிவித்திருக்கிறது.

இந்த விளையாட்டை நான் பரிந்து பேசவில்லை. திருட்டும் கொலையும் ஆபாசமும் நிறைந்த, வயது வந்தோருக்கென்றே தரம் பிரிக்கப்பட்ட தொடர் அது. ஒரு மூமினின் வீட்டுக் கூடத்தில் அதற்கு இடமில்லை என்பதே என் கருத்து. பிள்ளைகளிடமும் அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் அவர்கள் காத்திருக்கும் விதம் என்னை யோசிக்க வைத்தது. அறிவிப்பின்படி இது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ஆகிய கருவிகளில் மட்டுமே ஓடும். எங்கள் வகுப்பில் ஒருவன் வீட்டிலும் அந்தக் கருவி கிடையாது. கையில் இருப்பதெல்லாம் அம்மாவின் கைப்பேசி. தாங்கள் தொட்டுப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் தேதி தள்ளிப்போகும்போது முகம் வாடுகிறார்கள். அதே வாயால், "பாருங்க ஹஜ்ரத், இந்தத் தடவையும் வராது" என்று பந்தயம் கட்டாத குறையாகச் சொல்கிறார்கள். நம்பிக்கையும் சந்தேகமும் ஒரே பிள்ளையின் நெஞ்சில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த அனுபவம் புதிதன்று. கொரோனா காலத்தில், இணையவழி வகுப்புக்கென்று கைப்பேசி பிள்ளைகளின் கைக்கு வந்த ஆண்டில், 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. இரண்டே நாளில் நடிகர் அக்ஷய் குமார் 'ஃபௌ-ஜி' என்ற இந்திய விளையாட்டை அறிவித்தார். உருவாக்கியது பெங்களூரின் என்கோர் கேம்ஸ். நிகர வருவாயில் 20 விழுக்காடு வீரர்களின் குடும்பங்களுக்கான 'பாரத் கே வீர்' அறக்கட்டளைக்குப் போகும் என்றார்கள். அக்டோபர் என்றார்கள், நவம்பர் என்றார்கள். வந்தது 2021 குடியரசு நாளில். லட்சக்கணக்கானோர் முன்பதிவு செய்து காத்திருந்தார்கள். பப்ஜியைப் போல நூறு பேர் ஒரே களத்தில் மோதுவது என்று பிள்ளைகள் தாங்களாகவே கற்பனை செய்து வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் கல்வான் பள்ளத்தாக்கில் தனி ஒருவனாகக் கையாலும் கம்பாலும் அடித்து முன்னேறும் கதை. எங்கள் ஊரில் அந்த ஏமாற்றம் ஒரு வாரம் நீடித்தது. விளையாட்டின் தரம் ஒருபுறம் இருக்க, காத்திருந்த மாதங்களில் மனம் கட்டிய கோட்டைக்கு எந்த விளையாட்டும் ஈடுகொடுத்திருக்க முடியாது.

இனி நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். தேதி தள்ளிப்போவதையே பிள்ளைகள் ஏமாற்று என்று எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. தச்சர் ஒருவர் கதவை வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லி, மரம் இன்னும் காயவில்லை, அடுத்த வாரம்தான் முடியும் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பினால் அவரை நாம் பொய்யர் என்பதில்லை. வாக்களிக்கும்போதே நிறைவேற்றும் எண்ணமில்லாதவனும், எண்ணமிருந்தும் இயலாமற்போனவனும் மார்க்கத்தின் பார்வையில் ஒன்றல்லர். பல நூறு பேர் பல ஆண்டுகள் உழைத்துச் செய்யும் ஒரு மென்பொருளில் எந்தப் பிழை எப்போது தலைகாட்டும் என்று செய்பவருக்கே தெரியாது. 'டியூக் நியூக்கம் ஃபாரெவர்' என்ற விளையாட்டை 1997இல் அறிவித்தார்கள். 2011இல்தான் அது வந்தது. வந்தபோது அதை வாழ்த்தியவர்கள் குறைவு. காலம் கூடினால் தரம் கூடும் என்றும் சொல்வதற்கில்லை.

சந்தேகம் வைக்கவேண்டிய இடம் வேறு. அதற்கு 'சைபர்பங்க் 2077' நல்ல சான்று. போலந்து நாட்டின் சி.டி. ப்ராஜெக்ட் நிறுவனம் அதை 2020 ஏப்ரல் 16 அன்று வெளியிடுவதாகச் சொன்னது. பிறகு செப்டம்பர் 17, பிறகு நவம்பர் 19, கடைசியில் டிசம்பர் 10. வெளியீட்டுக்கு முன்பே ஏறத்தாழ 80 லட்சம் பேர் முன்பணம் செலுத்தி வாங்கியிருந்தார்கள். விமர்சகர்களுக்கு முன்கூட்டி வழங்கப்பட்டது கணினியில் ஓடும் வடிவம் மட்டுமே. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் அது எப்படி ஓடுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. விற்பனை தொடங்கிய பின்னரே அவற்றில் ஆட்டம் தடுமாறுவதும் நடுவில் நின்றுபோவதும் தெரிந்தது. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. பழைய கருவிகளில் ஓடும் காட்சியை முன்பே காட்டியிருக்க வேண்டும் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டுகளில் திருத்தித் திருத்தி அதை நல்ல விளையாட்டாக்கிவிட்டார்கள் என்கிறார்கள்; அது வேறு கதை.

இதைப் படித்தபோது கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இருக்குமா? மேலே காய்ந்திருந்தது, விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதே அண்ணலார் கேட்ட கேள்வியின் கருத்து. மழை அவர் குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றம். மூன்று முறை தேதியை மாற்றியது மழை. கணினி வடிவத்தை மட்டும் காட்டியது அடியில் வைத்த ஈரம். ஒரு விளையாட்டைப் பற்றி ஐயப்பட வேண்டுமானால், அது எத்தனை முறை தள்ளிப்போனது என்று எண்ணுவதைவிட, குவியலின் அடியைத் தொட நம்மை விடுகிறார்களா என்று பார்ப்பது மேல்.

இது ஏட்டுப் பேச்சாக நின்றுவிடவில்லை. சில வாரங்களுக்கு முன் மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்றான். அவனுடைய அத்தா பெங்களூரில் பேக்கரியில் வேலை பார்க்கிறார். "ஹஜ்ரத், போன்ல ஓடுற ஜி.டி.ஏ. சிக்ஸுக்கு முன்பணம் 299 ரூபாய்னு ஒரு லிங்க் வந்துருக்கு. கட்டினா ஹலாலா?" என்று கேட்டான். பெருநாள் காசு கையில் இருந்தது. அம்மாவின் கைப்பேசியில் பணம் அனுப்பும் ரகசிய எண்ணும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் மாவட்டத்தில் மா பூத்ததுமே தோப்பைப் பேசி முடிப்பவர்கள் உண்டு. காற்றடித்துப் பூ உதிர்ந்தால் வழக்கு வாசற்படி ஏறும். பழுக்கும் அறிகுறி தெரியும்முன் மரத்துக் கனியை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது அதனால்தான். அதே வேளையில் முன்பணம் கொடுத்து வாங்கும் வியாபாரத்தை அவர்கள் முற்றாக மூடிவிடவில்லை. மதீனாவாசிகள் ஓராண்டு, ஈராண்டு தவணையில் கனிகளுக்கு முன்பணம் கொடுத்து வந்தார்கள். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கட்டும் என்று அதை ஒழுங்குபடுத்தினார்கள். அதுவே 'ஸலம்' எனப்படுவது. "உன் லிங்க்கில் விற்பவர் யார்? பொருள் என்ன? எந்த நாளில் தருவார்?" என்று கேட்டேன். மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. முன்னோட்டக் காட்சி வெறும் பூ. இதிலோ மரமே இல்லை. கைப்பேசி வடிவம் ஒன்றை ராக்ஸ்டார் அறிவிக்கவே இல்லை.

"யூடியூப்ல ஒரு அண்ணன் சொன்னாரே" என்றான். அந்த அண்ணனுக்கு யார் சொன்னார்? அவருக்குச் சொன்னவர் யார்? ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றி ஓதும் பிள்ளை அவன், சிரித்துவிட்டான். பணம் கட்டவில்லை. அவனுடைய மச்சான் முறையுள்ள பையன் ஒருவன் ஏற்கெனவே கட்டியிருந்தான். காசு போனது, கைப்பேசியில் ஓயாத விளம்பரங்கள் வந்து குடியேறின. வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் இந்த ஆண்டு ஒருமுறையேனும், அடிக்கும் குரலில் அல்லாமல், இதைக் கேட்டுவிடுங்கள்.

காசு கொடுக்காமல் காத்திருப்பதில் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது. புணேயின் சூப்பர்கேமிங் நிறுவனம் 'இண்டஸ்' என்ற விளையாட்டை 2022இல் அறிவித்து, 2024 அக்டோபர் 16 அன்று வெளியிட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இலவசமாக முன்பதிவு செய்திருந்தார்கள். அவர்களுள் எங்கள் மாணவன் ஒருவனும் உண்டு. அது வந்தபோது அம்மாவின் கைப்பேசியில் இடமில்லை. எதை அழிப்பது என்று பார்த்தான். தங்கையின் அகீகா நாள் படங்களை அழிக்க மனம் வரவில்லை. இண்டஸ் இல்லாமலே இருந்துவிட்டான்.

அடுத்த தேதியைப் பிள்ளைகள் ஏற்கெனவே நாட்காட்டியில் பார்த்துவிட்டார்கள். 2026 நவம்பர் 19 வியாழக்கிழமை. மறுநாள் மதரஸா விடுமுறை. அன்று மாலை வகுப்பு உண்டா என்று இப்போதே கேட்கிறார்கள். "உண்டு, இன்ஷா அல்லாஹ்" என்றேன். "தள்ளிப்போகாதே ஹஜ்ரத்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.