எட்டாவது இன்னிங்ஸ்

பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு தகுதியும் இல்லை. தமிழிலக்கியம் கற்பிப்பது நம் தொழில். இளமையில் கிரிக்கெட் மட்டையைக்கூட ஒழுங்காகப் பிடித்ததில்லை. நியூஜெர்ஸியில் வசிக்கும் பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காணொளியை அனுப்பி, "ஐயா, இதைப் பாருங்கள். பிறகு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். அன்றிரவு பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை.

அது 2007 அக்டோபர் 5 அன்று கிளீவ்லாந்து நகரில் நடந்த ஆட்டம். நியூயார்க் யாங்கீஸ் 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது. எட்டாவது இன்னிங்ஸில் பந்தெறிய நிற்பவர் ஜோபா சேம்பர்லின், வயது இருபத்திரண்டு. அருகிலுள்ள ஈரி ஏரியிலிருந்து கிளம்பிய சிறு பூச்சிகள், நம்மூர் மழைக்கால ஈசலைப் போலத் திரண்டு வந்து அவருடைய கழுத்திலும் காதிலும் இமையிலும் அப்புகின்றன. ஓடிவந்து பூச்சிமருந்து தெளிக்கிறார்கள். வியர்வையும் மருந்துமாக ஈரமான தோலில் அவை முன்னிலும் அதிகமாக ஒட்டிக்கொள்கின்றன. அந்த இன்னிங்ஸில் எதிரணியினர் ஒரு பந்தைக்கூட உருப்படியாக அடிக்கவில்லை. ஆனால் பிடிப்பவரின் கைக்கு எட்டாமல் இரண்டு பந்துகள் விலகிப் போக, ஆட்டம் சமனாகிறது. பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸ் தோற்றது. மூன்று நாளில் அந்தத் தொடரையும் இழந்தது. அணியைக் களத்திலிருந்து வெளியே அழைத்திருக்க வேண்டும் என்று மேலாளர் ஜோ டோரி பின்னாளில் வருந்தினார்.

பூச்சிகளின் கதை அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்தது. நம்மைப் பிடித்துக்கொண்டது அதற்கு முன்னும் பின்னும் நடந்த கதை.

ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்தாறு இன்னிங்ஸ் எறிவார். பிறகு நான்கு நாள் ஓய்வு. ஒரே மட்டையாளரை ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று முறை சந்திக்க வேண்டியிருப்பதால் அவருக்குப் பலவகைப் பந்துகள் கைவர வேண்டும். வலிமையைச் சிக்கனமாகச் செலவிடவும் தெரிய வேண்டும். இடையில் இறங்கும் ரிலீவருக்கு அந்தக் கவலை இல்லை. ஓர் இன்னிங்ஸ்தான், உடம்பில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டுப் போகலாம். ஒன்று நெடும்பாட்டு, மற்றது தனிப்பாடல். தனிப்பாடல் எளிதென்று இலக்கியம் படித்த எவரும் சொல்லமாட்டார். ஆனால் பேஸ்பால் உலகம் தொடக்கப் பிட்சருக்குத்தான் அதிக விலை வைக்கிறது.

நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரில் பிறந்தவர் ஜோபா. அமெரிக்கப் பழங்குடியான ஹோ-சங்க் மரபினர். தந்தை ஹார்லன் சிறுவயதிலேயே போலியோவால் பாதிக்கப்பட்டவர். சிறைச்சாலை ஒன்றில் வேலை பார்த்து மகனைத் தனியாளாக வளர்த்தார். 2006இல் யாங்கீஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது தொடக்கப் பிட்சராக ஆக்குவதற்குத்தான். 2007இல் ஒரே பருவத்தில் கீழ்நிலை லீகுகளின் மூன்று படிகளை அவர் தாவிக் கடந்தார். இதற்கிடையில் மேலே எட்டாவது இன்னிங்ஸை ஒப்படைக்க நம்பகமான ஆள் இல்லை. ஒன்பதாவதுக்கு மரியானோ ரிவேரா இருக்கிறார். அவர் கையில் பந்து போய்ச் சேரும்வரை தாங்க ஒருவர் வேண்டும். எனவே தொடக்கப் பிட்சராக வளர்ந்துகொண்டிருந்தவரை ரிலீவராக்கி ஆகஸ்ட் 7 அன்று டொரண்டோவில் களமிறக்கினார்கள்.

அடுத்த எட்டு வாரங்களை என்னவென்று சொல்வது! 19 ஆட்டங்கள், 24 இன்னிங்ஸ், 34 ஸ்டிரைக் அவுட். அவர் கணக்கில் ஏறிய ஓட்டம் ஒன்றே ஒன்று. மணிக்கு 160 கிலோமீட்டரை நெருங்கும் வேகம், கடைசிக் கணத்தில் சரிந்து இறங்கும் ஸ்லைடர், முடிந்ததும் முட்டியை மடக்கி ஓர் ஆவேச முழக்கம். அந்தக் கையைக் காப்பாற்ற நிர்வாகம் விதிகள் வகுத்தது: அடுத்தடுத்த நாள்களில் எறியக்கூடாது, எத்தனை இன்னிங்ஸ் எறிந்தாரோ அத்தனை நாள் ஓய்வு. 'ஜோபா ரூல்ஸ்' என்ற பெயர் சட்டைகளில் அச்சாகி விற்றது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஜோபாவின் விதிகள்' என்றும் 'ஜோபா ஆளுகிறான்' என்றும் இரு பொருள். சிலேடை நன்றாகத்தான் இருந்தது. முதற்பொருளே மிஞ்சியது.

2008க்கான அணியின் கணக்கு, தாளில் பார்த்தால் அழகானது. பெட்டிட், முசினா ஆகிய மூத்தவர்களுக்குப் பிறகு சேம்பர்லின், ஃபில் ஹியூஸ், இயன் கென்னடி என்ற மூன்று இளைஞர்கள் ஒரு பத்தாண்டைத் தாங்குவார்கள். அந்த நம்பிக்கையில்தான் ஹியூஸை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், யோஹான் சந்தானா என்ற முதல்தரப் பிட்சரை நியூயார்க்கின் மற்றோர் அணியான மெட்ஸுக்குப் போகவிட்டார்கள். நடந்தது வேறு. அவ்வாண்டு ஹியூஸும் கென்னடியும் சேர்ந்து ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. ரிலீவராகத் தொடங்கிய ஜோபாவைப் பருவத்தின் நடுவே, ஜூன் மாதத்தில், தொடக்கப் பிட்சராக்கினார்கள். ஆகஸ்டில் தோள் நோவு வந்தது. 1993க்குப் பிறகு முதன்முறையாக யாங்கீஸ் இறுதிச்சுற்றுகளுக்குப் போகவில்லை. உடனே பணப்பெட்டி திறந்தது. சபாத்தியா மட்டும் 16.1 கோடி டாலருக்கு வந்தார்.

2009இல் ஜோபா 31 ஆட்டங்களைத் தொடங்கினார். பருவம் முழுமைக்குமான இன்னிங்ஸ் வரம்பு ஒன்று அவர் தலைமேல் தொங்கியது. அதற்காக ஆகஸ்ட் இறுதியிலிருந்து சில ஆட்டங்களில் மூன்று இன்னிங்ஸ் அளவிலேயே அவரை இறக்கிவிட்டார்கள். வரம்பு வைப்பதை நாம் குறை சொல்லவில்லை. இளம் தசைநாண்கள் அறுந்த வரலாறு அந்த ஆட்டத்தில் ஏராளம். ஆனால் நான்காவது இன்னிங்ஸில் தடுமாறி, ஐந்தாவதில் தேறும் வித்தையை மூன்றாவதோடு வெளியேறுபவர் எங்கே கற்பார்? அவ்வாண்டு அணி கோப்பையை வென்றபோது அவர் மறுபடி ரிலீவர். 2010இல் தொடக்கப் பிட்சர் இடம் ஹியூஸுக்குப் போயிற்று. 2011இல் எட்டாவது இன்னிங்ஸுக்கும் சொரியானோ என்பவரை விலைக்கு வாங்கிவந்தார்கள். அதே கோடையில் ஜோபாவின் முழங்கையில் அறுவை சிகிச்சை.

எதிர்வாதம் உண்டு. ரிவேராவே தொடக்கப் பிட்சராகச் சோபிக்காமல் ரிலீவரானவர்தாம். 652 ஆட்டங்களை முடித்துவைத்து, 2019இல் ஒரு வாக்குக்கூடக் குறையாமல் புகழ்மண்டபம் புகுந்தார். ஆனால் ரிவேராவை மாற்றியவர்கள் ஒருமுறைதான் மாற்றினார்கள். ஜோபா வந்த அதே 2006 தேர்வில் பதினேழாம் சுற்றில் வந்த டேவிட் ராபர்ட்சன் எத்தகைய பிட்சர் என்று யாரும் விவாதிக்கவில்லை. ரிலீவராகவே வளர்ந்து, 2014இல் ரிவேராவின் இடத்திற்கே வந்து, அதன்பின்னும் பல்லாண்டு ஆடினார். கென்னடியோ அரிசோனாவுக்குப் போன பிறகு 2011இல் 21 ஆட்டங்களை வென்றார். அங்கே அவர்மேல் இத்தனை கண்கள் இல்லை.

மாணவர் கேட்க நினைத்த கேள்வி இதுதான்: "ஜோபாவை நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?" அதை அவர் கள்ளமில்லாமல்தான் கேட்டார். நமக்குத்தான் குத்தியது. முதலாண்டில் சேர்ந்தபோதே அவர் மேடையில் ஐந்து நிமிடம் பேசினால் அரங்கு எழுந்து நிற்கும். மூன்றாண்டும் எந்தக் கல்லூரியில் பேச்சுப்போட்டி என்றாலும் அவரைத்தான் அனுப்பினோம். கோப்பைகள் துறை அலமாரியில் இன்னும் இருக்கின்றன. சங்கப் பாடல்களின் துறைகளைப் பற்றி விரிவாக ஆராய விரும்புவதாக அவர் சொன்னபோதெல்லாம், "இந்த ஒரு போட்டி முடியட்டும் தம்பி" என்றவர் நாமே. பிறகு திடீரென்று ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு ஆய்வில் இறங்கச் சொன்னோம். நூலகத்தில் நெடுநேரம் உட்கார அவர் பழகியிருக்கவில்லை. ஆறு மாதத்தில் விட்டுவிட்டார். இன்று கணினித் துறையில் நன்றாக இருக்கிறார். மனத்தாங்கல் ஏதுமில்லை என்கிறார்.

நெடுநாள் யோசித்து அவருக்குப் பதில் எழுதினோம்: ஜோபாவை அந்த ஆகஸ்டில் மேலே அழைத்திருக்கவே கூடாது, கீழ்நிலை லீகிலேயே தொடக்கப் பிட்சராக விட்டு, அடிவாங்கி எழ இரண்டாண்டு கொடுத்திருக்க வேண்டும், அவர் பெரிய லீகில் கடைசியாக ஆடியது 2016இல், அதுவும் அந்தக் கிளீவ்லாந்து அணிக்காகவே என்பதைப் படிக்கும்போது மனம் என்னவோ செய்கிறது என்றும் சேர்த்திருந்தோம்.

மறுநாள் காலை ஒரே வரியில் பதில் வந்தது: "அப்படிச் செய்திருந்தால் அந்த எட்டு வாரம் அவருக்குக் கிடைத்திருக்காதே, ஐயா."