கெடாத கோப்பு

அகமதாபாத்தின் பழைய நகரத்தில், ஒரு போளின் உட்சந்தில் நின்றிருந்தது அந்த மரவீடு. தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே நுழைந்ததும் திறந்த முற்றம், முற்றத்தின் அடியில் மழைநீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி, சுற்றிலும் செதுக்கு வேலைப்பாடு கொண்ட தூண்கள். அந்த மதில்சூழ் நகரம் 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் பட்டியலால் மட்டும் கறையானைத் தடுக்க முடியாது. மழைக்காலத்திற்கு முன்பே வீட்டின் பின்பாதியைப் பிரித்துப் பழுதுபார்க்க முடிவாயிற்று. பிரிப்பதற்கு முன் எடுத்த அளவுகளைக் கொண்டு வீட்டை ரெவிட் மென்பொருளில் முப்பரிமாண மாதிரியாக எழுப்பும் பொறுப்பு, கட்டடக்கலையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த ஒரு தமிழ்ப்பெண்ணிடம் வந்தது.

அளவெடுத்தவர் அறுபது வயதைக் கடந்த நில அளவையாளர். டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு பல நாட்கள் அந்தச் சந்தில் நின்று, ஆட்டோகேட் வரைபடமாக ஒரே கோப்பைக் கொடுத்திருந்தார். அதை ரெவிட்டில் இறக்கியதும் முதலில் ஓர் எச்சரிக்கை தோன்றியது: வரைபடத்தின் பரப்பு 33 கிலோமீட்டருக்கு மேல் விரிகிறதாம். வீட்டின் நீளமோ முப்பது மீட்டருக்கும் குறைவு. அடுத்துத் திரையில் தெரிந்த தூண்களின் வளைவுகள் முறிந்த குச்சிகளாய்க் கிடந்தன. நேர்க்கோடுகள் ரம்பப் பல்லாய் நெளிந்தன. அறைப்பெயர்கள் இருந்த இடங்களில் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் கேள்விக்குறிகளும் நின்றன. அவள் துறை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினாள்: “கோப்பு பழுதடைந்துள்ளது.” அந்த வரியின் பேரில் அளவையாளரின் கடைசித் தவணை நிறுத்திவைக்கப்பட்டது.

“என் கணினியில் நன்றாகத்தானே திறக்கிறது, பேட்டா?” என்று அவர் தொலைபேசியில் கேட்டார். “இங்கே திறக்கவில்லையே, காகா” என்பதற்கு மேல் அவளிடம் விடையில்லை. மீண்டும் அளக்கச் சொல்லவும் வழியில்லை. பின்பாதித் தூண்கள் அதற்குள் இறக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, கிடங்குக்குப் போயிருந்தன.

பழுது நீக்கும் வேலையை எல்லோரும் தொடங்கும் இடத்திலேயே அவளும் தொடங்கினாள். மூலக்கோப்பைத் தொடாமல் ஒரு படியெடுத்து, ஆட்டோகேட்டில் ஆடிட் கட்டளையை ஓட்டினாள். சில சிறு பிழைகளைக் கண்டு அது திருத்தியது. ரெக்கவர் கட்டளையில் திறந்து பார்த்தாள். பர்ஜ் மூலம் பயன்படாத அடுக்குகளையும் தொகுதிகளையும் களைந்தாள். ஓவர்கில் மூலம் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்த கோடுகளை நீக்கினாள். கோப்பு இளைத்தது, ரெவிட்டில் கோடுகள் முன்போலவே நெளிந்தன. மூன்று நாட்கள் இப்படிக் கழிந்தன.

நான்காம் நாள்தான் கேள்வி மாறியது. ‘கோப்பில் என்ன கெட்டிருக்கிறது’ என்று கேட்பதை விட்டு, ‘இந்த வீடு எங்கே இருக்கிறது’ என்று கேட்டாள். ஒரு தூணின் மூலையைச் சொடுக்கி அதன் ஆயத்தொலைவுகளைப் பார்த்தாள். கிழக்கே இரண்டரை லட்சம் மீட்டர். வடக்கே 25 லட்சம் மீட்டருக்கும் மேல். அளவையாளர் வீட்டை உலகில் அதன் உண்மையான இடத்திலேயே வைத்திருந்தார். யூடிஎம் முறையில் வடதொலைவு நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணப்படுகிறது. அகமதாபாத் அடங்கும் 43ஆம் மண்டலத்தில், 75 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்குத்தொலைவு 5 லட்சம் மீட்டர் என்று வைத்துக்கொள்ளப்படுகிறது. அவர் எண்களில் பிழையே இல்லை. வரைபடத்தின் சுழிப்புள்ளியில் மட்டும் வடக்கைக் காட்டும் அம்புக்குறி ஒன்று மறந்துபோய்க் கிடந்தது. அந்த அம்புக்கும் வீட்டுக்கும் நடுவே 2,500 கிலோமீட்டர் வெற்றிடம். ரெவிட் எச்சரித்தது அந்த வெற்றிடத்தைக் குறித்து.

கோடுகள் நெளிந்ததற்கும் இதுவே காரணம். திரையில் படம் வரையும் கணக்குகள் பெரும்பாலும் ஒற்றைத் துல்லிய எண்களில் நடக்கின்றன. அவற்றில் மதிப்பைத் தாங்குபவை 24 பிட்டுகளே. எண் 25 லட்சத்தைத் தொடும்போது, அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கிடையே பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி 0.25 ஆகிவிடும். அதாவது கால் மீட்டர். கால் மீட்டருக்குள் அடங்கும் செதுக்கு வளைவு அந்தக் கணக்கில் எப்படிப் பிழைக்கும்?

எழுத்துகளின் கதையும் இதன் மறுபதிப்பே. கோப்பின் முதல் ஆறு எழுத்துகள் ஏசி1015 என்றிருந்தன. அது ஆட்டோகேட் 2000இன் வடிவம். 2007 வடிவத்தில்தான் டிடபிள்யூஜி கோப்புகளுக்குள் யூனிகோடு வந்தது. அளவையாளர் அறைப்பெயர்களைப் பழைய குஜராத்தி எழுத்துருவில் தட்டியிருந்தார். அந்த முறையில் ரோமன் எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் குஜராத்தி வடிவங்கள் போர்த்தப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி அடியிலுள்ள ரோமன் எழுத்தே தெரியும். டிஸ்கியிலும் டேபிலும் எழுதிய கோப்புகளை இன்று திறந்து பார்த்த தமிழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அங்கே மொழி அழிந்துவிடவில்லை; அதைப் படிக்கும் உடன்பாடு மட்டும் கைமாறும்போது தவறிப்போயிருக்கிறது.

சுவடி ஒப்பிடுவோர் அறிந்த எச்சரிக்கை ஒன்றுண்டு: பொருள் விளங்காத பாடமெல்லாம் சிதைந்த பாடமல்ல. ஏடெழுதியவர் எந்த வழக்கில் எழுதினார் என்று கேளாமல் திருத்தத் துணிபவர், நல்ல பாடத்தையே அழித்துவிடக்கூடும். அவள் மூன்று நாட்கள் ஓட்டிய கட்டளைகள் அத்தகைய திருத்தங்களே. படியின்மேல் ஓட்டியதால் மூலம் தப்பியது.

தீர்வு அரைமணி நேரத்தில் முடிந்தது. அம்புக்குறியை நீக்கினாள். ஒரு தூண்மூலையின் ஆயத்தொலைவுகளைக் குறித்துக்கொண்டு, அந்த மூலை சுழிப்புள்ளியில் அமையும்படி வீடு முழுவதையும் நகர்த்தினாள். அலகு மீட்டர் என்று உறுதிசெய்து, டபிள்யூபிளாக் கட்டளையால் புதிய கோப்பாக எழுதி, ரெவிட்டில் இறக்குமதி செய்யாமல் இணைப்பாகச் சேர்த்தாள். பிறகு, குறித்து வைத்த உண்மை ஆயத்தொலைவுகளை ரெவிட்டில் அதே மூலைக்கு அளித்தாள். வீடு உலகில் தனக்குரிய இடத்தை இழக்கவில்லை. வளைவுகள் வளைவுகளாக நின்றன. அளவையாளரின் கைக்குறிப்பேட்டிலிருந்த முற்றத்தின் அகலத்தோடு மாதிரியின் அகலம் ஒத்துப்போயிற்று. அவர் அனுப்பிய எழுத்துருவை நிறுவியதும் ஆட்டோகேட்டில் ஓட்லோ, கட்கி, சௌக், பர்சால், ஓர்டோ என்று அறைகள் தம் பெயர்களைச் சொல்லின; அவள் அவற்றை ஒவ்வொன்றாக யூனிகோடில் மாற்றித் தட்டினாள்.

அன்றிரவே அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினாள்: “கோப்பில் பழுதில்லை. வாசித்த முறையில்தான் பிழை, அது என்னுடையது. நிறுத்திவைத்த தவணையை விடுவிக்க வேண்டுகிறேன்.” முதல் கடிதத்துக்கு ஒரு வரி போதுமாயிருந்தது. இரண்டாவதை விளக்கி அனுப்பத் தவணை வர மேலும் ஐந்து வாரங்கள் ஆயின. பணம் வந்த அன்று அளவையாளர் தொலைபேசியில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பெயர்கள் சரியாக வந்தனவா, பேட்டா?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது அந்தக் கோப்புறையில் வரைபடத்தோடு நான்கு வரிகள் கொண்ட ஓர் உரைக்கோப்பும் இருக்கிறது: சுழிப்புள்ளி எது, அலகு எது, எழுத்துரு எது, வடிவம் எந்த ஆண்டினது. அடுத்துத் திறப்பவர் வரைபடத்துக்கு முன் அதைப் படிக்க வேண்டும் என்பதற்காக அதன் பெயரை எண் ஒன்றில் தொடங்கி வைத்திருக்கிறாள்.