பத்துக்குப் பின் தொண்ணூறு



விளாத்திகுளத்தில் நாங்கள் தொழும் பள்ளிவாசலின் தாழ்வாரத்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில், பழைய கணினி ஒன்றை வைத்தோம். கறுப்புத் திரையில் எழுத்துகளை மட்டும் காட்டும் லினக்ஸ் அதில் ஓடியது. ஸஹர் முடிய எத்தனை நிமிடம் என்பதை அது சொல்ல வேண்டும். நிரலைச் சகோதரர்கள் நாங்கள் இருவருமே எழுதினோம்.

அத்தகைய திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகவே விழும். ஒரே இடத்தில் எண்ணை மாற்றி எழுத, கர்சரை அங்கே கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு எஸ்கேப் எனும் 27ஆம் குறி, இடது சதுர அடைப்பு, வரி எண், அரைப்புள்ளி, நெடுவரிசை எண், கடைசியில் ஆங்கில எச். திரை இவற்றை அச்சிடாது. கட்டளையாக ஏற்றுக் கர்சரை நகர்த்தும். 1978இல் வந்த விடி-100 முனையம் பரவலாக்கிய இம்முறை இன்றும் செல்லுபடியாகிறது. வரிதான் முதலில் வரும். நாங்கள் மாற்றிக் கொடுத்துச் சிறிது நேரம் திண்டாடினோம்.

பகலில் 45இலிருந்து 30 வரை ஓடவிட்டுப் பார்த்தோம். சரியாக இருந்தது. அத்துடன் திருப்தி அடைந்தோம்.

அன்றிரவு வத்தல் ஏற்ற வந்த வெளியூர் லாரி ஓட்டுநர் ஒருவர் ஸஹருக்காகப் பள்ளிக்கு வந்தார். திரையில் 90 என்றிருந்தது. ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று எண்ணித் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். உண்மையில் இருந்தவை ஒன்பது நிமிடங்களே. கர்சர் நகருமே தவிர, பழையதை அழிக்காது. 10இன் மேல் 9 விழுந்தபோது பக்கத்துப் பூஜ்ஜியம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு 80, 70 என்று இறங்கியிருக்கிறது, பார்க்க ஆளில்லை.

பாங்கொலி கேட்டுத்தான் அவர் விழித்தார். பயணிக்குச் சலுகை உண்டென்று ஹஸ்ரத் நினைவூட்டினார். “நிய்யத் வச்சிட்டேன் ஹஸ்ரத்” என்று சொல்லி, வெறும் வயிற்றுடன் லாரியை எடுத்தார். தொழுகை முடிந்தபின்தான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது. அந்த எண்ணை நம்பி எவரேனும் நேரம் கடந்து உண்டிருந்தால், அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டியிருக்கும் என்றும் ஹஸ்ரத் சொன்னார். கடிந்து பேசவில்லை, அதுவே எங்களை அதிகம் சுட்டது.

திருத்தம் மிகச் சிறியது. எண்ணை எழுதியபின் எஸ்கேப், சதுர அடைப்பு, ஆங்கில கே. கர்சரிலிருந்து வரியின் இறுதிவரை அழிந்துவிடும். மறுநாள் ஸஹரை முன்னதாகவே முடித்துக்கொண்டு, 10 என்பது 9 ஆகும்வரை இருவரும் திரையின் முன் அமர்ந்திருந்தோம். அந்த அண்ணனின் பெயரையோ ஊரையோ அன்று எவரும் கேட்டு வைக்கவில்லை.