கடல் கடந்த பி.பி. நம்பர்

வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடைய தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்துத் தருவது கருவியை இயக்கத் தெரிந்தவனின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெயரையும் முகவரியையும் பிரித்துப் பார்க்கிற வேலை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் எஸ்.டி.டி. குறியீடு ஒன்றே, 04563. இந்த வட்டத்துக்குள் 'சிங்கராஜாகோட்டை, இனிஷியல் மூன்று எழுத்து' என்றோ 'மடவார்வளாகம், பால்கோவா கடைக்காரர்' என்றோ சொன்னால் போதும், நாலு பேரை விசாரித்து ஆளைப் பிடித்துவிடலாம். கோலாலம்பூரிலோ லண்டனிலோ இந்த அடையாளங்களுக்கு மதிப்பில்லை. அதனால் வெளிநாட்டு எண்ணைத் தேடுகிறவர் ஆளின் எண்ணைக் கேட்கக் கூடாது, ஆள் புழங்கும் இடத்தின் எண்ணைக் கேட்க வேண்டும். இந்தத் தொழிலின் சூட்சுமம் அதுதான்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். எந்தச் சொல்லை முன்னால் வைத்து அடுக்கியிருக்கிறார்கள் என்று தெரியாமல் எந்த டைரக்டரியிலும் ஒரு பெயரை எடுக்க முடியாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரியும்போது சிலருக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிடும், சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும். அப்படிக் காலியாக விட்டவரின் சொந்தப் பெயரை அமெரிக்க விசா குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற எழுத்துகளைப் போடும். மலேசியத் தமிழர் பெயரில் மகனுக்கும் தந்தைக்கும் நடுவே 'அனாக் லெலாக்கி' என்ற மலாய்ச் சொற்கள் வந்து உட்காரும். ராஜபாளையத்தில் பெயருக்குப் பின்னால் வருகிற 'ராஜா', மலேசியாவில் அரச குடும்பத்து மலாய்க்காரர்களின் பெயருக்கு முன்னால் வருகிற பட்டம். எழுத்துக்கூட்டலில் கடைசியில் ஒரு 'எச்' உண்டா இல்லையா என்பது வேறு தகராறு. 'பி ஃபார் பாம்பே' என்று எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், அங்கே பதிவாகியிருக்கும் பெயர் வேறாக இருந்தால் பதில் 'இல்லை' என்றுதான் வரும்.

எண்களும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. தனிமனிதரின் செல்பேசி எண் மாறினால் அதைத் தேடிப்போக வழியில்லை. பெரும்பாலான நாடுகளில் செல்பேசி எண்கள் டைரக்டரியில் ஏறுவதே இல்லை. ஒரே இடத்தில் நிற்கிற நிறுவனத்தின் தரைவழி எண் அப்படியல்ல, அது மாறினாலும் ஒரு விதிப்படி மாறும். லண்டனின் 01, 1990-இல் 071, 081 என்று பிரிந்தது. 1995-இல் அவை 0171, 0181 ஆயின. 2000-இல் 020 வந்து, அதன் பின்னால் 7 அல்லது 8 சேர்ந்தது. சிங்கப்பூரின் ஏழு இலக்கத் தரைவழி எண்களுக்கு 2002-இல் முன்னால் ஒரு 6 சேர்ந்தது. ஆகவே பழைய டைரியில் 071 என்று தொடங்கும் ஓர் அலுவலக எண் கிடைத்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். 071-ஐ எடுத்துவிட்டு 00 44 20 7 என்று போட்டு மீதி ஏழு இலக்கத்தையும் சேர்த்தால் இன்றைய எண் கைக்கு வரும். ஊர்க் குறியீட்டின் முதல் பூஜ்யம் இங்கிருந்து அழைக்கும்போது உதிர்ந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பாதிப் பேர் தவறுவது அங்கேதான்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, இனி இந்த வித்தை எதற்கு என்று கேட்கலாம். இணையத்திலும் தன்னைத் தேடி வர வேண்டும் என்று விரும்புகிறவர்களின் எண்தான் இருக்கும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிறவருக்கு வெளிநாட்டு வியாபாரியின் எண் உடனே கிடைக்கிறது, அந்த வியாபாரியின் கீழ் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையனின் எண் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, நிறுவனத்தின் பெயரில் போலி எண்ணை ஏற்றிவைத்து ஏமாற்றுகிறவர்களும் அங்கே உண்டு. அந்த நாட்டு விசாரணை எண்ணையே கேட்டுவிடலாமே என்றால், மலேசியாவின் 103, பிரிட்டனில் 2003 வரை இருந்த 192 போன்ற சுருக்க எண்கள் அந்தந்த நாட்டுக்குள் அழைப்பவர்களுக்கானவை. தன் எண்ணை வெளியிட விரும்பாதவரைத் துரத்துவது முறையா என்பது இவற்றைவிடக் கனமான கேள்வி. முறையில்லைதான். இடத்தின் எண்ணைக் கேட்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே ஒரு சேதி சொல்லி வைத்தால், திரும்ப அழைப்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. வீட்டில் போன் இல்லாத காலத்தில் பக்கத்து வீட்டு எண்ணையோ மளிகைக் கடை எண்ணையோ எழுதி, பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொண்டவர்கள் நாம். கடல் கடந்த ஊரிலும் பி.பி. நம்பர்கள் இருக்கின்றன. வேலை செய்யும் கம்பெனி, படிக்கும் கல்லூரி, கோலாலம்பூரின் மகா மாரியம்மன் கோயில், லண்டன் ஹைகேட்டின் முருகன் கோயில் எல்லாம் அந்த வகை. ஆபத்து என்றால் வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'மதத்' இணையதளம் இருக்கிறது. அங்கும் பாஸ்போர்ட் விவரம் கையில் இருந்தால்தான் வேலை சுலபம். எனவே பிள்ளை விமானம் ஏறும் முன்பு அவனுடைய செல்பேசி எண்ணோடு நின்றுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயரையும், வேலை செய்யும் இடத்தின் முகவரியையும், அங்குள்ள தரைவழி எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.