சொந்த மைதானம் யாருக்குச் சொந்தம்?

நார்வேயில் கிழக்கு ஒஸ்லோவின் கால்பந்து அணி வொலெரெங்கா. 1999 முதல் 2017 வரை அது தன் சொந்த ஆட்டங்களை நகரின் வடபுறத்து உல்லெவோல் தேசிய அரங்கில் ஆடியது. பெரிய அரங்கு, கூடுதல் வருமானம் என்பதே இப்படி இடம் மாறுவோரின் வாதம். 2005இல் லீக் பட்டத்தையும் அங்கிருந்தே வென்றார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் தோற்கிற ஆண்டுகளிலும் அணியைத் தாங்குவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்தான். 2017இல் கிழக்கே வல்லேயில், உல்லெவோலைவிடச் சிறிய அரங்கைக் கிளப் தனக்கெனத் திறந்தது. இருக்கைகளைவிட அருகாமை பெரிது என்ற அந்த முடிவு மிகச் சரியானது.

நம் ஐபிஎல் கிரிக்கெட்டிலும் இதே கேள்வி உண்டு. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்ஸ் புனேவுக்குப் போனது நிர்ப்பந்தம். ராஜஸ்தான் ராயல்ஸ் தன் ஜெய்ப்பூர் ஆட்டங்களில் சிலவற்றைக் குவாஹாட்டிக்குக் கொண்டுபோவது தெரிவு. வடகிழக்கு ரசிகர்களுக்கும் வாய்ப்பு வேண்டாமா என்பார்கள். கட்டாயம் வேண்டும், அதை ஏன் ஜெய்ப்பூர்க்காரரின் பங்கிலிருந்து எடுக்கவேண்டும்? அவர்களுக்கென்றே ஓர் அணி கொடுங்கள்.