பனரில் இல்லாத ஒன்பது பேர்

நாங்கள் ஓ/எல் எழுதி முடிவு வந்த கிழமை பள்ளிக்கூட வாசலில் பனர் கட்டினார்கள். '100% சித்தி'. கீழே 9ஏ எடுத்த ஆக்களின் படங்கள். என்ர படமும் இருந்தது. அம்மா அதைப் போனில் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டா.

போன மாதம் கம்பஸில் கல்வியியல் ஒப்படைக்காக 'உள்ளக வினைத்திறன்' பற்றிப் படிக்க வேண்டி வந்தது. யுனெஸ்கோ பயன்படுத்துகிற கணக்கு. ஒரு நாட்டின் பாடசாலை முறைமை எத்தனை மாணவ ஆண்டுகளைச் செலவழித்து எத்தனை பேரை முடிக்க வைக்கிறது என்று பார்ப்பது. (ஒரு பிள்ளை ஒரு வருசம் வகுப்பில் இருந்தால் ஒரு மாணவ ஆண்டு, அவ்வளவுதான்.) சும்மா எங்கட வகுப்புக்குப் போட்டுப் பார்த்தேன். இடாப்பு கையில் இல்லை, முகங்களை நினைச்சு நினைச்சு எண்ணினேன்.

தரம் 6 இல் 36 பேர். பரீட்சை எழுதியது 27, அத்தனை பேரும் சித்தி. பனர் பொய் சொல்லவில்லை. மற்ற 9 பேரும் தரம் 10 முடிய விலகினவர்கள். 27 பேருக்கு ஆறு வருசப்படி 162. 9 பேருக்கு ஐந்து வருசப்படி 45. மொத்தம் 207 செலவழிச்சு 162 தான் பலன். வினைத்திறன் 78%.

நாட்டு முடிவு வரும்போதும் எழுதினவர்களில் எத்தனை வீதம் என்றுதான் பேப்பரில் வரும். எழுத வராதவன் எந்த வீதத்திலும் இல்லை.

'விலகினவர்கள்' என்று எழுதுறது சுகம். அதில் ஒருத்தன் எனக்குப் பின் வாங்கில் இருந்தவன். கணிதம் ஓடாது. "ரிசல்ட் இறங்கிடும், வேற இடம் பாருங்கோ" என்று அவன்ர அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். 2016 இலேயே கட்டாயக் கல்வி வயதை 14 இலிருந்து 16 ஆக்கியாச்சு. அவனுக்கு அப்ப 15. வகுப்பில் சத்தம் குறைஞ்சிட்டுது என்று எனக்குச் சந்தோசம். எழுத வெட்கமாக இருக்கு.

யுனெஸ்கோ கணக்கிலும் ஒரு கரைச்சல். முடிக்காத ஆக்கள் படித்த வருசங்களுக்கு அதில் பெயர் 'விரயம்'. விரயம் செய்தது முறைமைதான், பிள்ளை இல்லை என்று விளக்கம் சொல்லலாம். வாசிக்கேக்க அப்படிக் காதில் விழாது.

அவன் இப்ப மோட்டார் சைக்கிள் கராஜ் வைச்சிருக்கிறான். போன கிழமை அப்பாவின்ர பைக்கைக் கொண்டு போனேன். சாமான், கூலி எல்லாம் வடிவான எழுத்தில் எழுதி, பத்து வீதம் கழிச்சு, பில்லைக் கையில் தந்தான்.

"கணக்குச் சரியோ எண்டு பார்."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.