கைநாட்டுக்குப் பக்கத்தில்

கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்து நடுகற்களில் ஆண்கள் ஆயுதத்தோடு நிற்கிறார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன். சில கற்களில் அவன் பேரும் அவன் சேவித்த தலைவன் பேரும் உண்டு. பெண்ணுக்கென்று நட்ட கல், எங்கள் ஓசூர்ப் பக்கம் பெரும்பாலும் மாஸ்திக்கல்தான். புருஷனோடு தீயில் இறங்கியவளுக்கு வைத்தது. அவள் எந்த ஊர்க்காரி, யார் பெற்ற மகள் என்று அந்தக் கல் சொல்வது அபூர்வம்.

தொரப்பள்ளி எங்களுக்குக் கூப்பிடு தூரம். 1878 டிசம்பர் 10 அன்று அங்கே பிறந்த ராஜாஜியைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. அவர் தாய் சிங்காரம்மாவைப் பற்றித் தேடினால் பெயருக்கு மேல் ஓரிரு வரி கிடைப்பதே கஷ்டம். பெரிய மனிதரின் தாய்க்கே இந்தக் கதி என்றால், கேழ்வரகு அரைத்தே ஆயுளைக் கழித்தவளை எங்கே போய்த் தேடுவது?

இருந்தாலும் தேடினேன். என்னைப் பெற்றவள், அவளைப் பெற்றவள், அவளையும் பெற்றவள் என்று பெண்வழியாகவே போய்ப் பார்க்கப் பல வருஷ ஆசை. ஆண்வழி என்றால் எங்கள் சித்தப்பா ஏழு தலைமுறையை மூச்சு விடாமல் சொல்வார். பெண்வழியில் மூன்றாவது படியிலேயே எல்லாரும் மோட்டுவளையைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அம்மாவைப் பெற்றவள் எங்களுக்கு அவ்வா. பிறந்த தேதி அவளுக்குத் தெரியாது, ஆனால் காலக்கணக்கு சுத்தம். தன் அம்மா, பெங்களூரில் பிளேக் வந்த வருஷம் பிறந்தவள் என்பாள். அது 1898. அந்த அம்மாவின் அம்மா தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தை. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த ஜில்லாவின் ஜனத்தொகை, 1881ல் 16 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அந்தப் பஞ்சத்தில்தான் ஒருத்தி மாலூர்ப் பக்கமிருந்து இடுப்பில் பிள்ளையோடு இந்தப் பக்கம் நடந்து வந்திருக்கிறாள். அவள் பேர் யார் நாவிலும் தங்கவில்லை. அவள் நடந்து வந்தாள், பிள்ளையைச் சாகவிடவில்லை என்பது மட்டும் தங்கியிருக்கிறது. அதனால்தான் நான் இருக்கிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்ஜியம், இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஆட்சி. பெண் கொடுக்க, பெண் எடுக்க அது தடையாக இருந்ததே இல்லை. மாலூர், ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் ஒரே கொடுக்கல் வாங்கல்தான். ஊரும் பாஷையும் மாறி வாழப் போனவர்கள் பெண்கள். மாமியாருக்குக் கன்னடம், மருமகளுக்குத் தெலுங்கு, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்குத் தமிழ் என்று ஒரே அடுப்படியில் மூன்று பாஷையும் புழங்கின. அவ்வாவின் பித்தளை அண்டாவில் புள்ளிபுள்ளியாக வெட்டிய பேர் கன்னட எழுத்தில் இருக்கிறது. பிறந்த வீட்டுச் சீர். ஆனேக்கல் கடைவீதியில் வாங்கி அங்கேயே பேர் வெட்டியது. எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாத அவள், அந்தப் பேரை விரலால் தடவிக் காட்டுவாள்.

நிலத்துக் காகிதங்களில் அவள் இல்லை. பட்டா தாத்தா பேரில், பிறகு மாமாக்கள் பேரில். அவ்வாவின் பேர் காகிதத்தில் ஏறியது ஒரே ஒரு இடத்தில். அதுவும் பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தில்.

1970களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்தன. கொள்ளும் அவரையும் போட்ட மானாவாரி நிலத்துக்கெல்லாம் விலை ஏறியது. வாங்க வருகிறவரின் வக்கீல் முதலில் கேட்டது, கூடப் பிறந்த பெண்கள் எத்தனை பேர் என்று. 1956 சட்டம் தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்திருந்தது. 1989ல் தமிழ்நாடு, பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்றது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25க்கு முன் கல்யாணமானவளுக்கு அது கிடையாது. 2005ல் மத்தியச் சட்டம்தான் அந்தத் தடையை எடுத்தது. அவ்வாவின் தலைமுறைக்கு இதெல்லாம் ஒரே வடிவத்தில் வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வேனில் அழைத்துப் போனார்கள், மையில் பெருவிரலை ஒற்றினார்கள், புடவை எடுத்துக் கொடுத்து வீட்டில் விட்டார்கள்.

அந்தப் பத்திரத்தில் அவள் பேர், வயது, தகப்பன் பேர், புருஷன் பேர், வாழ்க்கைப்பட்ட ஊர் எல்லாம் இருக்கிறது. கைநாட்டுக்குப் பக்கத்தில் எழுத்தர் அவள் பேரை அழகாக எழுதியிருக்கிறார். பாத்தியதையை விட்டுக்கொடுக்கும் அன்றுதான் ஒருத்தி பாத்தியதை உள்ளவளாகவே பதிவாகிறாள். எனக்கு இது ஆறவே இல்லை. ஆனாலும் சொல்கிறேன், நம் பக்கத்துப் பெண்களின் வரலாற்றுக்கு இந்த விடுதலைப் பத்திரங்களைப் போல ஆதாரம் வேறில்லை. வீட்டுப் பெட்டிகளில் கரையான் அரிப்பதற்குள் அவற்றைப் பிரதி எடுத்து வையுங்கள்.

ஏன் கொடுத்தாய் என்று அவ்வாவைக் கேட்டேன். "பங்கு கேட்டா பொறந்த வூடு இல்லாம போயிடும் கண்ணு. நாளைக்கு நான் செத்தா கோடி கொண்டாரவன் என் தம்பிதானே?" கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். நிலத்தைவிட அந்த வாசல் அவளுக்குப் பெரிதாக இருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் அவளை நிறுத்தியது யார் என்பதுதான் என் கேள்வி.

காகிதம் சொல்லாததைப் பிரசவக் கணக்கு சொல்லும். அவ்வாவின் அம்மாவுக்குப் பதினொரு பிரசவம், தங்கியது ஆறு. போன ஐந்தில் பெண் எத்தனை என்று கேட்டபோது அவ்வா பேச்சை மாற்றிவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும், 2001ல் கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த தருமபுரி மாவட்டத்துக்கு அது வந்ததும் எதற்காக என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது என் அண்ணன் மகள் செல்போன் பாகம் செய்யும் ஆலைக்குப் போகிறாள். விடியற்காலை கம்பெனி பஸ். கழுத்து அட்டையில், சம்பளச் சீட்டில், பி.எஃப். கணக்கில் எல்லாம் அவள் பேர்தான். பெண்வழிப் பட்டியலைத் தன் போனில் தட்டச்சு செய்து தருகிறவளும் அவளே. நாலு பேர் எழுதியாயிற்று, ஐந்தாவது இடம் காலி.

மாலூர்ப் பக்கம் அவ்வாவுக்குச் சின்னம்மா மகள் ஒருவர் இருக்கிறார். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது, காது மந்தம், ஞாபகம் மட்டும் கெட்டி என்கிறார்கள். பஞ்சத்தில் நடந்து வந்தவளின் பேரை அவர் கேள்விப்பட்டிருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்து, இருவரும் போகிறோம்.